கப்பலுக்குக் காத்திருந்த சவேரியார்

புனித சவேரியார் கையில் மணியோடு நம் முத்துக்குளித்துறை ஊர்களில் தெருத்தெருவாய் நடந்ததை ஞானோபதேச வகுப்பில் படித்த எவரும் அறிவர். அந்த மணியை எடுப்பதற்கு முன், லிஸ்பன் பட்டணத்தில் ஒன்பது மாதம் அவர் கப்பலுக்காகக் காத்திருந்தார். அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. ஜூபிலி மலரின் இப்பக்கத்தில் அதைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் இந்தியாவுக்குக் குறிக்கப்பட்டவர் சவேரியார் அல்லர். போர்த்துக்கல் அரசர் மூன்றாம் யோவானின் வேண்டுகோளுக்கிணங்கப் புனித இஞ்ஞாசியார் இருவரைத் தெரிந்தெடுத்திருந்தார். அவர்களுள் பொபதில்லா நோயுற்றார். அரசரின் தூதுவரோ மறுநாளே ரோமையை விட்டுப் புறப்பட வேண்டியிருந்தது. சவேரியாரை அழைத்துச் சொன்னதும் மறுபேச்சின்றி இசைந்தார். கிழிந்த உடையைத் தைத்துக்கொண்டு 1540 மார்ச் நடுவில் பயணமானார். ஒரே நாள் அவகாசம்! நாம் வேளாங்கண்ணிக்குப் போவதானாலும் ஒரு வாரம் மூட்டை கட்டுகிறோம்.

ஜூன் மாதம் லிஸ்பன் சேர்ந்தபோது அவ்வாண்டுக் கப்பல்கள் போய்விட்டிருந்தன. பருவக்காற்றை நம்பி ஓடும் பாய்க்கப்பல்கள் ஆதலால் அடுத்த வசந்தம்வரை வேறு வழியில்லை. பிரசங்கத்திலும் பாவசங்கீர்த்தனம் கேட்பதிலும் நாட்கள் கழிந்தன. இந்தியாவில் பல்லாண்டு இருந்து திரும்பியவர்கள் அவரைக் கண்டு நம்பிக்கை ஊட்டினார்கள். பொருளாசை இல்லாத குருக்கள் போனால் சில ஆண்டுகளிலேயே இரண்டு மூன்று இராச்சியங்கள் சத்திய வேதத்துக்கு வரும் என்றார்கள். அவரும் அதை மகிழ்ச்சியோடு ரோமைக்கு எழுதினார். இதற்கிடையில் அரசருக்கு இருவரையும் தம் நாட்டிலேயே நிறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்தது. முடிவில் சிமோன் ரொட்ரீகஸ் நின்றுவிட, சவேரியாருக்கு வழி பிறந்தது.

புறப்படும் நேரத்தில் பாப்பரசரின் பிரதிநிதி என்ற பதவி அவர் கையில் இருந்தது. ஆகவே பணியாள் ஒருவனையாவது உடன் கொண்டுபோகும்படி அரண்மனையார் வற்புறுத்தினர். தம் துணியைத் தாமே துவைப்பதால் பதவியின் மதிப்புக் குறையாது என்று மறுத்துவிட்டார். சில நூல்களையும் குளிருக்கு ஒரு முரட்டு மேலாடையையும் மட்டும் ஏற்றுக்கொண்டார். ஆயினும் நம் உள்ளத்தை அதிகம் தொடுவது 1541 மார்ச்சில் அவர் ரோமைக்கு எழுதிய கடிதமே. வேதம் அறியாத மக்களிடையே எவ்விதம் நடந்துகொள்ள வேண்டும் என்று தமக்கு எழுதும்படி அதில் சகோதரர்களைக் கெஞ்சுகிறார். இராச்சியங்களைக் கனவு கண்டவருக்குத் தம் அறியாமையும் தெரிந்தே இருந்தது.

1541 ஏப்ரல் 7, அவருடைய முப்பத்தைந்தாம் பிறந்த நாள். அன்று 'சந்தியாகு' என்ற கப்பல் பாய் விரித்தது. இரண்டு மாதம் கடல் மயக்கம் அவரை வாட்டியது. மொசாம்பிக்கில் காற்றுக்காக மறுபடியும் நீண்ட காத்திருப்பு. 1542 மே 6-இல் கோவா. அவ்வாண்டின் பிற்பகுதியில் நம் கரை.

இங்கே அவர் கண்டது என்ன? சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்த பரதவ மக்களைக் கண்டார். என்ன விசுவசிக்கிறீர்கள் என்று கேட்டால், தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அது நம் முன்னோரின் குற்றமன்று. ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் தங்கிக் கற்றுக்கொடுக்கவில்லை. அவருடைய தாய்மொழி பாஸ்க், இவர்களுடையது தமிழ். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்கவில்லை. லிஸ்பனின் ஒன்பது மாதத்தில் இதற்கு எந்த ஆயத்தமும் நடந்ததாகத் தெரியவில்லை.

இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைத் தேடிப் பிடித்தார். பல நாள் அவர்களோடு அமர்ந்து சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கற்பனைகள், கர்த்தர் கற்பித்த செபம் ஆகியவற்றைத் தமிழாக்கி, சொல் சொல்லாக மனப்பாடம் செய்தார். பிறகே மணியை எடுத்தார். சிறுவர்கள் கூடினர். கற்றதை வீட்டில் தாய் தந்தையருக்கும் அயலாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி அவர்களை ஏவினார். நோயாளிகளின் வீட்டார் வந்து அழைத்தபோது எல்லா வீட்டுக்கும் தாமே போக முடியவில்லை. செபம் தெரிந்த பிள்ளைகளை அனுப்பினார். அவர்கள் படுக்கையருகே நின்று, அவர் கற்றுக்கொடுத்த தமிழில் விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னார்கள்.