வேங்கிக்கால் சைக்கிள் கடையும் பம்பாய் வாலிபர்களும்

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று மலர்க்குழு நண்பர் போனில் கேட்டார். பாலம், கான்கிரீட் பற்றித்தான் எழுதுவேன் என்று நினைத்திருப்பார். நான் ஒரு சைக்கிள் கடையைப் பற்றி எழுதுகிறேன்.

நாங்கள் படித்த காலத்தில் வேங்கிக்காலில், வேலூர் ரோட்டோரம், ஒரு பெரியவர் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்டுவது, வீல் கோட்டம் எடுப்பது, ஓவராயிலிங் எல்லாம் அவர் ஒருவரே. எழுபதைத் தாண்டியவர். ஆனாலும் ஞாயிறு விடிகாலையில் தன் பழைய ஹெர்குலிஸில் ஏறி, பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றிவிட்டுத்தான் கடை திறப்பார். அவரைப் பார்த்து ஹாஸ்டல் பையன்கள் நாலைந்து பேர் கூடவே கிளம்பினோம். பெயர் வைக்காத ஒரு சைக்கிள் சங்கம்!

ஒருநாள் சுற்றி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். பெரியவர் சிரித்தார். "இன்னா தம்பி, மலையைச் சுத்துனதுக்கேவா? பம்பாய்ப் பசங்க ஒலகத்தையே சுத்திக்கினு வந்தாங்கோ, தெரியுமா? எங்கப்பா பம்பாய்ல இருந்தப்போ நடந்தது" என்றார். "தாத்தா நல்லா ரீல் விடறாரு" என்று நாங்கள் கேலி செய்தோம். அவரும் மறுத்துப் பேசவில்லை.

பல வருஷம் கழித்துத்தான் அது அத்தனையும் உண்மை என்று படித்துத் தெரிந்துகொண்டேன்.

1920-இல் ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கு நடந்தே வந்த ஒரு பிரெஞ்சுக்காரர் பம்பாய் ஓவல் மைதானத்தில் பேசினார். அதைக் கேட்ட பார்சி வாலிபர்கள் சிலருக்கு உலகம் சுற்றும் ஆசை பற்றிக்கொண்டது. 1923 அக்டோபர் 15 அன்று பம்பாய் பளுதூக்கும் கிளப்பைச் சேர்ந்த ஆறு பேர் சைக்கிளில் புறப்பட்டார்கள். கியர் கிடையாது. செல்போன் கிடையாது. பல இடங்களில் ரோடே கிடையாது. ஈரான், ஈராக் வழியாகப் பாலைவனங்களைக் கடந்து ஐரோப்பா போனார்கள். பிறகு அமெரிக்கா, ஜப்பான், கொரியா, சீனா, பர்மா.

ஆறு பேரும் முடிக்கவில்லை. நரிமன் கபாடியா டெஹ்ரானிலிருந்து திரும்பினார். குஸ்தாத் ஹாதிராம் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். கேகி போச்கானாவாலா அங்கிருந்து ஊர் திரும்பினார். அதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்கரா ஆகிய மூவர் மட்டும் 1928 மார்ச் 18 அன்று பம்பாய் வந்து சேர்ந்தார்கள். மொத்தம் சுமார் 71,000 கிலோமீட்டர்.

இஞ்சினியர் புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். 1,616 நாட்கள், கப்பலில் போன நாள், ஓய்வெடுத்த நாள் எல்லாம் சேர்த்தாலும் சராசரி நாளுக்கு 44 கிலோமீட்டர். அதாவது நாலரை வருஷம், தினமும் மூன்று கிரிவலம்! ஒன்றுக்கே மூச்சு வாங்கியவர்கள் நாங்கள்.

கதை அத்தோடு முடியவில்லை. அவர்கள் புறப்பட்ட மூன்றே மாதத்தில், 1924 ஜனவரியில், அதே பம்பாயிலிருந்து ஃப்ராம்ரோஸ் தாவர் தனியாகக் கிளம்பினார். வியன்னாவில் குஸ்தாவ் என்ற ஆஸ்திரியர் துணை சேர்ந்தார். சகாரா, அமேசான் என்று சுற்றி 1931-இல் பயணம் முடித்தார். 1933-இல் கேகி காரஸ், ருஸ்தம் காந்தி, ரத்தன் ஷ்ராஃப் மூவரும் கிளம்பி 1942-இல் திரும்பினார்கள். இருபது வருஷத்துக்குள் ஒரே ஊரிலிருந்து மூன்று உலகப் பயணங்கள்! ஒருவர் போய்க் காட்டினால் அடுத்தவருக்குத் தைரியம் வருகிறது. எந்தச் சங்கமும் அப்படித்தான் பிறக்கிறது.

இதையெல்லாம் பெரியவரிடம் சொல்லி, "நீங்க சொன்னது நிஜம்தான் தாத்தா" என்று ஒப்புக்கொள்ள ஆசையோடு ஊருக்குப் போனேன். கடை இருந்த இடத்தில் மொபைல் ரீசார்ஜ் கடை இருந்தது. பெரியவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிவிட்டது என்றார்கள். நான் சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தை இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

இப்போது கல்லூரி ஸ்டாண்டில் பைக்குகள்தான் வரிசையாக நிற்கின்றன. தம்பி, தங்கைகளே, குறை சொல்லவில்லை. சந்திப்பு நாளன்று காலை ஐந்து மணிக்கு நான் வேங்கிக்காலில் சைக்கிளோடு நிற்பேன். வாடகை சைக்கிளானாலும் சரி, வாருங்கள். ஒரே ஒரு சுற்று. மூச்சு வாங்கினால் யாரும் சிரிக்க மாட்டோம்.