ஏபிஎஸ் பிரேக்: அவசர நிறுத்தத்திலும் வளைவிலும்

ஏபிஎஸ் என்பது, அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தின் சுழற்சி நின்றுபோய் அது சாலையில் வழுக்கிச் செல்வதைத் தடுக்கும் மின்னணு அமைப்பு. வீல் லாக் ஆவது என்று ஓட்டுநர்கள் சொல்லும் நிலை இதுதான். சுழலும் முன்சக்கரம் திருப்பிய பக்கம் போகும். லாக் ஆன சக்கரம், எவ்வளவு திருப்பினாலும், வண்டி ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த திசையிலேயே இழுபடும். மோட்டார் சைக்கிளில் முன்சக்கரம் லாக் ஆனால் சுதாரிக்க நேரம் கிடைக்காமலே வண்டி சாய்ந்துவிடும். ஏபிஎஸ் காப்பது சுழற்சியை மட்டுமே. டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள பிடிமானத்தை அது சிறிதும் கூட்டித் தருவதில்லை. நேர்ச்சாலையில் இந்த வேறுபாடு வெளியே தெரியாது. வளைவில் உயிர் தப்புவதும் தப்பாததும் இதைப் பொறுத்தே அமையும்.

ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ள உணரி, சக்கரத்தோடு சுற்றும் பல் வளையத்தைப் பார்த்து வேகத்தை அளந்துகொண்டே இருக்கும். ஒரு சக்கரம் வண்டியின் வேகத்துக்குப் பொருந்தாமல் சட்டென்று மந்தமானால், கட்டுப்பாட்டுக் கருவி அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தை வால்வு மூலம் குறைத்து, சக்கரம் மீண்டும் சுழன்றதும் கூட்டுகிறது. இது ஒரு நொடிக்குள் பல தடவை நடக்கும். உலர்ந்த தார்ச்சாலையில் டயரின் பிடிமானம் உச்சத்தில் இருப்பது, சக்கரம் வண்டியைவிடச் சுமார் 10 முதல் 20 விழுக்காடு மெதுவாகச் சுழலும்போதுதான். ஏபிஎஸ் சக்கரத்தை அந்த எல்லைக்குள் வைக்க முயல்கிறது.

இதன் முன்னோடி விமானத் தொழிலில் தோன்றியது. டன்லப் நிறுவனத்தின் மாக்சரெட் என்ற கருவி 1950களில் விமானங்களில் பொருத்தப்பட்டது. 1966இல் ஜென்சன் எஃப்எஃப் காரில் இடம்பெற்றது. இன்றைய மின்னணு வடிவம் 1978இல் போஷ் நிறுவனத்தின் தயாரிப்பாக மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் வகைக் கார்களில் வந்தது. மோட்டார் சைக்கிளில் முதலில் தந்தது பிஎம்டபிள்யூ, 1988இல். இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்கு, புதிய மாடல்களில் 2018 ஏப்ரல் முதலும், எல்லா மாடல்களிலும் 2019 ஏப்ரல் முதலும் ஏபிஎஸ் கட்டாயமானது. 125 சிசி வரையுள்ளவற்றுக்கு, ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரங்களிலும் பிடிக்கும் இணைப்பு பிரேக் போதும் என்று அந்த விதி விட்டது. இணைப்பு பிரேக் சக்கரம் லாக் ஆவதைத் தடுக்காது. இரண்டையும் ஒன்றென எண்ணுவது ஆபத்து.

காரில் அவசரமாக நிறுத்த வேண்டியிருந்தால் பிரேக் மிதியை முழு பலத்தோடு அழுத்தி, வண்டி நிற்கும் வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். கியர் வண்டியானால் கிளட்சையும் மிதிக்க வேண்டும். மிதி காலுக்கடியில் அதிரும், கடகடவென்று ஒலி வரும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுப்பவர்கள் உண்டு. அந்த அதிர்வு கருவி வேலை செய்வதன் அடையாளம். ஏபிஎஸ் இல்லாத காலத்தில் கற்றுக்கொண்ட, விட்டு விட்டு மிதிக்கும் பழக்கம் இங்கே நிற்கும் தூரத்தைக் கூட்டும். மிதித்தபடியே தடையைச் சுற்றித் திருப்பவும் முடியும். ஆனால் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடித்தால், சக்கரத்துக்குப் பிடிமானம் இருப்பதாலேயே கார் அந்தப் பக்கம் பாய்ந்து சாலையை விட்டு இறங்கிவிடும்.

மோட்டார் சைக்கிளில் முதல் வேலை வண்டியை நிமிர்ந்த நிலையில் நேராக வைப்பது. பிறகு முன் பிரேக், பின் பிரேக் இரண்டும், கூடவே கிளட்ச். முன் பிரேக்கை வெடுக்கென்று பிடுங்காமல், விரைவாகவும் சீராகவும் இறுக்கினால் வண்டியின் எடை முன்சக்கரத்தின் மேல் வந்து பிடிமானம் கூடும். அதன் பின் லிவர் துடித்தாலும் விடக்கூடாது. பார்வை தடையின் மேல் ஒட்டிக்கொள்ளாமல் தப்பும் வழியில் இருக்க வேண்டும். சிறிய வண்டிகள் பலவற்றில் முன்சக்கரத்துக்கு மட்டுமே ஏபிஎஸ் உண்டு. அவற்றில் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்தால் பின்சக்கரம் லாக் ஆகும்.

வேகம் கூடினால் ஏபிஎஸ்ஸால் ஈடுகட்ட முடியாது. ஒவ்வொரு நொடியிலும் வேகம் நொடிக்கு 7 மீட்டர் குறைவதாகக் கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி பிரேக் பிடித்த பின் ஏறக்குறைய 20 மீட்டரில் நிற்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டிக்கு 35 மீட்டர் வேண்டும். முதல் வண்டி நின்ற அதே இடத்தை இரண்டாவது வண்டி இன்னும் 53 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். ஆபத்தை உணர்ந்து கை பிரேக்குக்குப் போக எடுக்கும் ஒரு நொடியில் ஓடும் 17 அல்லது 22 மீட்டர் இதில் சேரவில்லை.

தளர்ந்த சரளை, மணல் போன்ற பரப்புகளில் ஏபிஎஸ் வண்டி நிற்கும் தூரம் நீளவே செய்யும். லாக் ஆன சக்கரம் தனக்கு முன்னால் மண்ணைக் குவித்து அதில் முட்டி நிற்கும். சுழலும் சக்கரம் அதன்மேல் ஏறிப் போய்விடும்.

வளைவில் நிலைமை வேறு. டயரின் பிடிமானம் ஒரே சம்பளத்தைப் போன்றது: திரும்புவதற்குச் செலவானது போக மிஞ்சியதே பிரேக்குக்கு. எவ்வளவு மிஞ்சும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள பிடிமானத்தைக் குறிக்கும் உராய்வுக் கெழு 0.8 உள்ள உலர்ந்த சாலையில் மோட்டார் சைக்கிள் 20 பாகை சாய்ந்து திரும்பும்போது முழு பிரேக் திறனில் ஏறத்தாழ 90 விழுக்காடு மீதமிருக்கும். 30 பாகையில் அது 70 விழுக்காடு. 35 பாகையில் பாதிக்குச் சற்றுக் குறைவு; 39 பாகையை நெருங்கும்போது ஒன்றுமே இல்லை. தொடக்கத்தில் மெல்லத் தேய்ந்து கடைசிச் சில பாகைகளில் மடமடவென்று சரிவதால்தான் ஓட்டுபவருக்கு முன்னெச்சரிக்கை கிடைப்பதில்லை. மழையில் நனைந்து கெழு 0.5 ஆகிவிட்டால், பிரேக்கைத் தொடாமலே 27 பாகைக்குள் எல்லை வந்துவிடும்.

சாதாரண ஏபிஎஸ் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. அது அளப்பது சக்கரத்தின் சுழற்சி வேகத்தை. பக்கவாட்டில் எவ்வளவு பிடிமானம் செலவாகிறது என்று அதற்குத் தெரியாது. சாய்ந்த நிலையில் திடீரென்று முன் பிரேக் பிடித்தால், சக்கரம் லாக் ஆகும் முன்பே டயர் பக்கவாட்டில் நழுவக்கூடும். இன்னொரு விளைவும் உண்டு. சாய்ந்த வண்டியில் டயர் தரையைத் தொடும் இடம் நடுவிலிருந்து விலகியிருப்பதால், பிரேக் விசை ஹேண்டில்பாரை வளைவின் உள்பக்கம் திருப்பும், வண்டி நிமிரும், வளைவை விட்டு வெளிப்பக்கம் விரியும். இடப்பக்கப் போக்குவரத்து உள்ள சாலையின் இடது வளைவில் அந்த வெளிப்பக்கம் எதிரே வரும் லாரியின் பாதை.

ஆகவே வளைவுக்கு உரிய வேகக் குறைப்பை, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே, வளைவு தொடங்கும் முன் முடித்துவிட வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் போன்ற பாதையில் இறங்கும்போது கீழ்க் கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்க விடுவது நல்லது. தொடர்ந்து பிரேக் பிடித்துச் சூடேறி அதன் பிடி குறைந்துபோனால் ஏபிஎஸ்ஸால் அதை மீட்க முடியாது. வளைவின் நடுவில் திடீரென்று தடை தென்பட்டால், இடம் இருக்கும் பட்சத்தில் வண்டியை நிமிர்த்திவிட்டு முழு பிரேக் பிடிப்பதே சிறந்த வழி. இடம் இல்லையென்றால் மென்மையாகத் தொடங்கி, சாய்வு குறையக் குறைய அழுத்தத்தைக் கூட்ட வேண்டும்.

சாய்வையும் கணக்கில் கொள்ளும் வளைவு ஏபிஎஸ், போஷ் தயாரிப்பாகக் கேடிஎம் 1190 அட்வென்ச்சர் வண்டியில் வெளிவந்தது. வண்டியின் சாய்வையும் அசைவையும் அளக்கும் உணரி ஒன்று அதில் கூடுதலாக உண்டு. சாய்வுக்கு ஏற்ப பிரேக் அழுத்தம் ஏறும் வேகத்தை அது மட்டுப்படுத்துகிறது. மிக நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் கொட்டிக் கிடக்கும் மணலையோ வளைவுக்குள் மிகை வேகத்தில் நுழைந்ததையோ அதனால் சரிசெய்ய இயலாது. 1980களில் ஜெர்மனியின் மியூனிக் நகர டாக்சிகளை வைத்து நடந்த ஆய்வில், ஏபிஎஸ் உள்ள கார்கள் மற்றவற்றைவிடக் குறைவாக விபத்துக்குள்ளாகவில்லை. அவற்றை ஓட்டியவர்கள் வளைவுகளை இன்னும் ஒடித்துத் திரும்பி, இன்னும் கடுமையாகப் பிரேக் பிடித்தார்கள்.

சாவியைத் திருப்பியதும் எரியும் ஏபிஎஸ் விளக்கு மோட்டார் சைக்கிளில் வண்டி சற்று ஓடியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் சாதாரண பிரேக் மட்டுமே வேலை செய்கிறது என்று பொருள். சக்கரம் லாக் ஆகும். பல் வளையத்தில் சேறு அப்பியிருப்பது, உணரியின் கம்பி அறுந்திருப்பது ஆகியவை பொதுவான காரணங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. பெரும்பாலான உற்பத்தியாளர்கள் சொல்வதுபோல இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். டயர் மாற்றும்போதும் உற்பத்தியாளர் குறித்த அளவையே போட வேண்டும். விட்டம் மாறினால் கருவி கணிக்கும் சக்கர வேகமும் பிழையாகும்.