அமெரிக்க இந்திய அறிவியல், பொறியியல் சங்கம்

வட அமெரிக்கப் பூர்வகுடியினரை அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத் துறைகளில் முன்னேற்றும் இலாப நோக்கற்ற அமைப்பு. பூர்வகுடி அறிவியலாளர்களும் பொறியாளர்களும் கல்வியாளர்களும் 1977இல் தொடங்கினர். தலைமையகம் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகெர்க்கி நகர். ‘விண்ட்ஸ் ஆஃப் சேஞ்ச்’ இதன் இதழ்.

கல்லூரிக் கிளைகளோடு, பணியில் இருப்போருக்கான தொழில்முறைக் கிளைகளும் உண்டு. வெவ்வேறு நிறுவனங்களில் தனித்தனியே வேலைபார்க்கும் பூர்வகுடியினரை இவை வட்டார அளவில் ஒன்றுசேர்க்கின்றன. அப்பகுதி மாணவர்களுக்கு வழிகாட்டவும் செய்கின்றன. மூத்தோர் இளையோருக்குக் கைகொடுப்பதே கிளைகளின் வளர்ச்சிக்கு அடிப்படை.

செரோக்கி இனத்தவரும் லாக்ஹீட் விமான நிறுவனத்தின் முதல் பெண் பொறியாளருமான மேரி கோல்டா ராஸ் (1908–2008), ஓய்வுபெற்றபின் இச்சங்கத்தின் கல்விப் பணிகளுக்கு உழைத்தார். கணக்கு எழுதும் அவர் உருவம் 2019ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு டாலர் நாணயத்தில் பொறிக்கப்பட்டது.