தேர்தல் வாக்கும் 1937-ஆம் ஆண்டின் சென்னை மந்திரிசபையும்

வாக்கு என்னுஞ் சொல் நம் மொழியில் இரண்டிற்கும் வழங்குகின்றது. குடிகள் அளிப்பதும் வாக்கு. அபேட்சகர் அளிப்பதும் வாக்கு. முன்னது ஒரே நாளிற் கொடுத்துத் தீர்வது. பின்னது ஆண்டுக்கணக்கிற் கொடுபட வேண்டுவது. வென்றபின் அரசியலார் சொன்னது செய்கின்றனரோ என்னும் வினா ஒவ்வொரு தேர்தலிலும் நம்மவரிடை எழுவதாகலின், பழைய நிகழ்ச்சியொன்றை எடுத்து ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1937-ஆம் ஆண்டுத் தேர்தலிற் சென்னை மாகாணச் சட்டசபையின் 215 இடங்களுள் 159 இடங்களைக் காங்கிரஸ் பெற்றது. 1935-ஆம் ஆண்டு அரசியற் சட்டத்தை எதிர்த்து அதனை ஒழிக்கவே சட்டசபை புகுவதாக அக்கட்சி தன் அறிக்கையிற் கூறியிருந்தது. ஆயினும் அவ்வாண்டு ஜூலைத் திங்களில், அச்சட்டத்தின்படியே, இராஜகோபாலாச்சாரியார் பிரதம மந்திரியாய்ப் பதவியேற்றனர். பதவி ஏற்பதா தவிர்ப்பதா என்பதைத் தேர்தலுக்குப்பின் முடிவுசெய்யலாமென்று அவர்கள் முன்னரே தள்ளிவைத்திருந்தமையின், இதனை வாக்குத்தவறுதல் என்பது பொருந்தாது. சாமர்த்தியம் என்னலாம்.

நிற்க. கடன்பட்ட உழவர்க்கு உதவுவோம் என்ற வாக்கு 1938-ஆம் ஆண்டின் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டமாயிற்று. 1932 அக்டோபர் முதல் நாளுக்கு முற்பட்ட கடன்களுக்கு, 1937 அக்டோபர் முதல் நாளில் நிலுவையாய் நின்ற வட்டி முழுதும் தள்ளப்பட்டது. பெருநன்மையே. ஆயின் அச்சட்டம் விவசாயி என்றது நிலத்திற் பாத்தியதை உடையானை. பிறர் நிலத்திற் கூலிக்குழைத்து அதே லேவாதேவிக்காரனிடம் கடன்பட்டவன் அச்சொல்லுள் அடங்கிற்றிலன். ஜமீன் குடிகளின் குறைபற்றியோ, பிரகாசம் அவர்கள் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்து 1938-இல் அறிக்கை தந்தது. சட்டமாகுமுன் 1939 அக்டோபரில் மந்திரிசபை விலகிற்று. ஜமீன் ஒழிப்புச் சட்டம் பிறக்க 1948 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மதுவிலக்கே அவர்கள் மிகவும் உறுதியாய்க் காத்த வாக்கு. பதவியேற்று மூன்று திங்கள் நிரம்புமுன், 1937 அக்டோபர் முதல் நாளிற் சேலம் ஜில்லாவில் அது நடைமுறைக்கு வந்தது. பின்னர்ச் சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு ஜில்லாக்களுக்கும் பரவிற்று. மாலையிற் கூலி முழுதும் கடைக்குப் போகக் கண்டு அழுத இல்லங்களுக்கு இதன் அருமை தெரியும். இதனை யாம் சிறிதுங் குறைத்துக் கூறோம்.

ஆயினும் இரண்டு கேள்விகள் உள. அக்காலத்தில் வாக்குரிமை சொத்து, வரி, கல்வி இவற்றைப் பொறுத்தது. வளர்ந்தோருட் பெரும்பாலோர்க்கு அஃதில்லை. கள்ளிறக்கிப் பிழைத்தவனும், குடித்தவனும், அவன் மனைவியும் பெரும்பாலும் கேட்கப்படாதவரே. மரமேறுந் தொழில் ஒருநாளில் நின்றபோது, பதநீர் இறக்கி வெல்லங் காய்ச்சுமாறு சர்க்கார் வழிகாட்டியது உண்மை. கள்ளுக்கிருந்த ஊதியம் வெல்லத்திற்கு உண்டோ என்பதை மரமேறினவனே சொல்லல் வேண்டும்.

மற்றொன்று பணம். ஆப்காரி வரி மாகாண வருவாயில் ஏறக்குறைய நாலிலொரு பங்காயிருந்தது. அதனை விட்டபின் அவ்விடத்தை நிரப்ப 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. கடைக்காரர் எதிர்த்தனர், முடிவில் அதனைச் சுமந்தவர் பொருள் வாங்கினோரே. கள்ளுக்கடையை மூடுவோம் என்று மேடைதோறும் முழங்கியவர்கள், அதற்கீடாக நீவிர் வாங்கும் பொருளுக்கு வரி விதிப்போம் என்பதையும் அதே குரலிற் கூறியிருத்தல் வேண்டுமென்பது எம் கருத்து. சொன்னதைச் செய்தனர், செய்வதன் விலையைச் சொல்லிற்றிலர்.

அதன் பின்கதையும் கேட்கத்தக்கது. மந்திரிசபை விலகியபின், போர்க்காலத்தில் ஆளுநராட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் காலத்தில், 1948-இல், அது மாகாணம் முழுதும் பரவிற்று. 1971-இல் தமிழ்நாட்டிற் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன. மதுவிலக்கால் நேர்ந்த குறையை நிரப்பவந்த விற்பனை வரியோ, கடைகள் திறந்த அன்றும் எடுபட்டிலது. 2007-இல் மதிப்புக் கூட்டு வரியென்றும், 2017-இல் சரக்கு சேவை வரியென்றும் பெயர் மாறிக்கொண்டது.