மின்புலக் கட்டிச் சிகிச்சை

மூளைப் புற்றுகளில் மிகக் கொடியதான கிளியோபிளாஸ்டோமாவின் செல்கள் பிரிவதை மாறுதிசை மின்புலத்தால் தடுக்கும் முறை. இஸ்ரேலின் டெக்னியன் பல்கலைக்கழகப் பேராசிரியர் யோரம் பால்டி உருவாக்கியது. செல் இரண்டாகும்போது குரோமோசோம்களைப் பிரித்திழுக்கும் நுண்குழல்கள் மின்னேற்றம் கொண்ட புரதங்களால் ஆனவை. 200 கிலோஹெர்ட்ஸ் மின்புலம் அவற்றை ஒழுங்காகச் சேரவிடாது. நரம்புச் செல்கள் பெரும்பாலும் பிரிவதில்லை என்பதால் அவற்றுக்குப் பாதிப்பு குறைவு.

நோயாளியின் தலையை மழித்து, பீங்கான் வட்டுகளும் ஈரமான ஜெல்லும் பதித்த, பிளாஸ்திரி போல வளையும் நான்கு பட்டைகளை ஒட்டுவார்கள். அவற்றிலிருந்து கம்பிகள் தோள்பையிலுள்ள பேட்டரிக் கருவிக்குச் செல்லும். நாளுக்குச் சுமார் 18 மணி நேரம், மாதக்கணக்கில் அணிய வேண்டும். தோல் எரிச்சலே முக்கியப் பக்கவிளைவு. குடும்பத்தார் துணையின்றி இதைத் தொடர்வது கடினம்.

அமெரிக்கா 2011இல் மீண்டும் வந்த கட்டிக்கும், 2015இல் புதிதாகக் கண்டறியப்பட்டதற்கும் அனுமதி அளித்தது. 695 பேர் பங்கேற்ற ஆய்வில், டெமோசோலமைடு மருந்துடன் இதையும் சேர்த்தபோது இடைநிலை ஆயுள் 16 மாதத்திலிருந்து 20.9 மாதமானது. ஒப்பீட்டுக் குழுவுக்குப் போலிக் கருவி தரப்படவில்லை என்ற விமர்சனம் நியாயமானதே. ஆனாலும் இந்நோயில் சுமார் ஐந்து மாதம் பெரிய ஆதாயம்.

இதே கட்டிக்கு எதிராக மின்சாரத்தைப் பயன்படுத்தும் மற்றொரு முயற்சி அயனி பம்பு. ஆஸ்திரியாவின் கிராஸ், சுவீடனின் லின்ஷோப்பிங் ஆய்வாளர்கள் ஜெம்சிட்டபின் மருந்தை மின்னோட்டத்தால் துல்லிய அளவில் செலுத்திக் கட்டிச் செல்களை அழித்ததை 2021இல் வெளியிட்டனர். அது ஆய்வகச் செல்களில் செய்த சோதனை.