கத்தரிக்கப்பட்ட தாள்

காமிக்ஸ் சேகரிப்பவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எந்த இதழ் அரிது, எது மறுபதிப்பு, எதன் அட்டை நிறம் மங்கியது என்று அவர்களுக்குள் ஒரு சாஸ்திரமே உண்டு. நான் சேர்ப்பது வேறு. காமிக்ஸ் குழந்தைகளைக் கெடுக்கிறது என்று நிரூபிக்க எழுதப்பட்ட பழைய புத்தகங்களைச் சேர்க்கிறேன். ஆரணியில் ஒரு வங்கிக் குமாஸ்தாவுக்கு இது என்ன வேலை என்று சக ஊழியர்கள் கேட்கிறார்கள். இதுவரை அலமாரியில் பதினோரு புத்தகங்கள் சேர்ந்திருக்கின்றன. பாதிக்கு மேல் சின்னஞ்சிறு பிரசுரங்கள். படித்து முடித்ததும் மறந்துபோகிறவை. ஒன்று மட்டும் அப்படியல்ல.

ஃப்ரெட்ரிக் வெர்தாமின் 'செடக்ஷன் ஆஃப் தி இன்னொஸென்ட்', 1954, நியூயார்க், ரைன்ஹார்ட் பதிப்பு. திருவல்லிக்கேணி நடைபாதையில், நர்சிங் பாடப் புத்தகங்களுக்கு அடியில் கிடைத்தது. மேலுறை இல்லை. தலைப்பை வைத்து அது ஒரு மாதிரியான நாவல் என்று கடைக்காரர் நினைத்திருக்க வேண்டும்; சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் விலை சொன்னார். வீட்டுக்கு வந்து புரட்டினால் கடைசியில் ஒரு தாள் இல்லை. கத்தியால் அறுத்த அடிக்கட்டை மட்டும் நின்றது. ஏமாந்துவிட்டேன் என்று இரண்டு நாள் சங்கடப்பட்டேன்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அறுத்தது பதிப்பகமே. நூலில் பேசப்படும் காமிக்ஸ்களை வெளியிட்ட கம்பெனிகளின் பெயர்ப் பட்டியல் அந்தத் தாளில் இருந்தது. வழக்கு வருமென்ற பயத்தில், பைண்டு ஆன பிரதிகளிலிருந்து தாளை எடுத்துவிட்டார்கள். தாள் தப்பிய பிரதிகள் சிலவே. சேகரிப்பாளர்கள் அவற்றுக்குத்தான் அதிக விலை கொடுக்கிறார்கள். மற்றவர்களின் புத்தகங்களைத் தடுக்கச் சொல்லி எழுதிய புத்தகம், அச்சகத்திலிருந்து வெளியேறும்போதே தணிக்கைக்கு ஆளாகியிருக்கிறது.

வெர்தாமைக் கோமாளியாக்குவது சுலபம். பேட்மேனும் ராபினும் சேர்ந்து வாழ்வதில் ஓரினச்சேர்க்கைக் கனவைக் கண்டவர், சூப்பர்மேனிடம் ஃபாசிசத்தைக் கண்டவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றிப் பலரும் சொல்வதில்லை. ஆனால் 1946இல் ஹார்லெமில் ஒரு மாதா கோவிலின் நிலவறையில் கறுப்பின ஏழைகளுக்காக லஃபார்க் மனநல மருத்துவ மனையைத் தொடங்கியவரும் இவர்தான். அங்கே கட்டணம் 25 சென்ட்; இல்லாதவர்க்கு அதுவும் இல்லை. இனவாரியாகப் பிரித்த பள்ளிகள் குழந்தைகளின் மனத்தைச் சிதைக்கின்றன என்று டெலவேர் வழக்கில் அவர் அளித்த சாட்சியம், 1954 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தப் பள்ளிகளுக்கு எதிராகத் தந்த தீர்ப்பின் பின்னணியில் இருக்கிறது. அவர் காமிக்ஸில் கண்ட குற்றங்களில் ஒன்று, காட்டுக் கதைகளில் கறுத்தவன் எப்போதும் முட்டாளாகவோ கொலைகாரனாகவோ வருகிறான் என்பது. இதில் அவர் பார்வை சரியானது. நம் வேதாளனை நினைத்துப் பாருங்கள். 1936இல் லீ ஃபாக் படைத்த அந்த முகமூடிக்காரன் காட்டு ஜனங்களைத் தலைமுறை தலைமுறையாக ஆளும் வெள்ளைக்காரன். அவன் எதிரிகள் 'சிங்' கொள்ளைக்காரர்கள். 1964இல் இந்திரஜால் காமிக்ஸ் அவன் கதைகளை வெளியிடத் தொடங்கியபோது பெங்கல்லாவை 'டெங்காலி' ஆக்கினார்கள், 'சிங்'கை 'சிங்கா' ஆக்கினார்கள். வெள்ளைக்காரன் அப்படியே இருந்தான்.

1954 ஏப்ரலில் அமெரிக்க செனட்டின் துணைக்குழு இது பற்றி விசாரித்தது. வெர்தாம் சாட்சி சொன்னார். வெட்டுண்ட தலையைப் பெண்ணின் கூந்தலோடு பிடித்திருக்கும் ஓர் அட்டையைக் காட்டி, இது நல்ல ரசனையா என்று கேட்டார்கள். பதிப்பாளர் வில்லியம் கெயின்ஸ், திகில் பத்திரிகைக்கு நல்ல ரசனைதான் என்றார். அதோடு அவருடைய திகில் வியாபாரம் முடிந்த மாதிரிதான். அந்த ஆண்டே பதிப்பாளர்கள் கூடித் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதியை எழுதிக்கொண்டார்கள். அதன் முத்திரை 2011 வரை ஏதோ ஒரு வடிவில் அட்டைகளில் ஒட்டிக்கொண்டிருந்தது.

வெர்தாம் 1981இல் இறந்தார். அவருடைய காகிதக் கட்டுகள் 2010இல் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. கேரல் டில்லி என்ற நூலகவியல் பேராசிரியை அவற்றை நூலோடு ஒப்பிட்டு 2012இல் ஒரு கட்டுரை எழுதினார். வெர்தாம் குழந்தைகளின் வயதை மாற்றியிருக்கிறார். இருவர் பேச்சை ஒருவன் பேச்சாக ஒட்டியிருக்கிறார். வீட்டிலும் தெருவிலும் அவர்கள் பட்டவற்றை விட்டுவிட்டு, அவர்கள் படித்த காமிக்ஸை மட்டும் நிறுத்தியிருக்கிறார். குழந்தைகளை எதிரில் உட்காரவைத்துப் பேசவிட்ட மனிதர் அவர். என் அலமாரியில் இருக்கும் மற்றவர்கள் அதைக்கூடச் செய்யவில்லை. கேட்டவரே கேட்டதைத் திருத்தினார் என்பதுதான் எனக்குக் கசப்பாக இருக்கிறது.

பிரிட்டனில் பயம் வேறு வேஷம் போட்டது. 1954 செப்டம்பரில் கிளாஸ்கோ நகரத்தின் ஒரு கல்லறைத் தோட்டத்தில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் இரும்புப் பல் பிசாசு ஒன்றைத் தேடி வேட்டைக்குக் கிளம்பினார்கள். பழி அமெரிக்க காமிக்ஸ் மீது விழுந்தது.  அந்நாட்டு இயக்கத்தின் முன்னணியில் கம்யூனிஸ்டுகள் இருந்ததை மார்ட்டின் பார்க்கர் 1984இல் வெளியிட்ட ஆய்வு விவரிக்கிறது. பாதிரியார், பள்ளி ஆசிரியர், கம்யூனிஸ்டு எல்லோரும் ஒரே மேடையில் நின்றார்கள். 1955இல் சட்டம் வந்தது.

மறு ஆண்டே நம் பாராளுமன்றமும் ஒரு சட்டம் செய்தது: 1956ஆம் ஆண்டின் 93ஆவது சட்டம், இளையோர்க்குக் கேடு தரும் வெளியீடுகள் பற்றியது. இதன் வாசகத்தை வரிவரியாகப் படித்தபோதுதான் இந்தச் சேகரிப்பு எனக்குப் பொழுதுபோக்காக இல்லாமல் போயிற்று. ஆங்கிலச் சட்டம் படக்கதைகளை மட்டும் குறிவைத்தது. நம்முடையது படத்தோடு சொன்ன கதை, படமில்லாமல் சொன்ன கதை இரண்டையும் சேர்த்துக்கொண்டது. குற்றம், வன்முறை, கொடுமை, அருவருப்பான சம்பவம் இவற்றைப் பிரதானமாகச் சித்திரித்து இளையோரைக் கெடுக்கும் எதுவும் குற்றம். 6 மாதம் வரை சிறை. இளையோர் என்றால் 20 வயதுக்குட்பட்டவர். அப்போது இந்திரஜால் வர 8 வருஷம் இருந்தது. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு வர 16 வருஷம். நோய் வருமுன் வாங்கிவைத்த மருந்து, அதுவும் அடுத்த வீட்டுக்காரன் சீட்டைக் காட்டி வாங்கியது.

படமில்லாத கதையைப் பற்றிய பயம் நமக்குப் பழையது. இந்த ஊரின் பெயரைத் தாங்கிய ஆரணி குப்புசாமி முதலியார் 1925இல் இறக்கும்வரை ரெனால்ட்ஸையும் ஷெர்லக் ஹோம்ஸையும் தமிழ் உடுப்பு மாட்டி டஜன் கணக்கில் இறக்கிக்கொண்டிருந்தார். இவ்வகை நாவல்கள் பெண்களையும் வாலிபர்களையும் கெடுக்கின்றன என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதியதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' நூலில் (2002) விரிவாகக் காட்டியிருக்கிறார். அதே ரெனால்ட்ஸைத் தழுவித்தான் மறைமலையடிகள் 1911இல் 'நாகநாட்டரசி' எழுதினார். அது யாரையும் கெடுத்ததாகப் புகார் இல்லை. இந்த மாதிரிப் பத்திரிகைகளில் எழுதும் நானும் வணிக எழுத்தை நஞ்சு, போதை, தொற்று என்று எழுதியிருக்கிறேன். எல்லாம் வைத்தியச் சொற்கள். எந்த வாசகனையும் உட்காரவைத்துக் கேட்டு எழுதியதில்லை.

என்னைக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவோடு தறியில் உட்கார வேண்டும். கோர்வைக் கரை போடும் புடவைக்கு மறுபக்கத்து நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். இழை அறுந்து அப்பா முடிச்சுப் போடும் நேரம்தான் எனக்குக் கிடைக்கும் நேரம். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, முழங்கால்மேல் ராணி காமிக்ஸை விரித்து மாயாவியைப் படிப்பேன். ஒரு பெரிய முடிச்சுக்கு இரண்டு பக்கம் வரும். இந்தக் கணக்கில் ஒரு புடவை இறங்குவதற்குள் இரண்டு புத்தகம் முடிந்துவிடும். அப்பாவைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. கூலி ஆளுக்குக் கொடுத்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியும்.

அந்தப் புத்தகத்தை ஒரு நாள் வகுப்பில் ஆசிரியர் பிடுங்கிக் கிழித்தார். இதைப் படித்தால் உருப்படமாட்டாய் என்றார். நல்ல மனிதர்தான், அக்கறையோடு சொன்னார். கிழிக்கும்போது என் கையைப் பிடித்திருந்தார். விரல் நுனிகளில் பட்டு இழை அறுத்த கோடுகள் இருந்தன. வகுப்பில் பாதிப் பேர் கையில் இருந்தன.

1938ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவைத் தன் பட்டியலில் சேர்த்தது. குடும்பத்தார் மட்டும் கூடிச் செய்யும் பட்டறைக்கு விலக்கு அளித்தது. 1986 சட்டமும் விலக்கு அளித்தது. 2016 திருத்தத்திலும் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று இருக்கிறது. பத்தொன்பது வயதுக்காரனைப் படக்கதையிலிருந்து காப்பாற்ற 1956இல் நேரம் ஒதுக்கிய அவைக்கு, தறிக்குழியில் உட்கார்ந்திருந்த ஒன்பது வயதுப் பையன் குடும்பத்தான்.

போன பொங்கலுக்கு அக்கா மகன் வந்திருந்தான். வெர்தாமின் நடுவில் வழவழப்பான தாளில் சில பக்கங்கள் உண்டு. நூற்றுக்கணக்கான காமிக்ஸிலிருந்து அவர் பொறுக்கிச் சேர்த்த கோரமான கட்டங்கள். பையன் நேராக அங்கேதான் போனான். கண்ணில் ஊசி குத்தப்போகும் கட்டத்தில் நின்றான்.

"மாமா, இதுக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

"அது இதுல இல்லடா."

"வேற எந்த புக்குல இருக்கு?"

கடைசிப் பக்கத்தைத் திருப்பி அடிக்கட்டையைக் காட்டினேன்.