பொம்மைச் சிப்பாயின் தலைப்பாகை

முழுப் பரீட்சை லீவுக்கு வந்த மகள் வயிற்றுப் பேரன் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினான். உள்ளே சாம்பல் நிறத்தில் குட்டிக் குட்டிச் சிப்பாய்கள். உயரம் 28 மில்லிமீட்டர். என் கட்டைவிரலில் பாதிகூட இல்லை. மேஜைமேல் கோட்டையும் காடும் பரப்பி, ஸ்கேலால் தூரம் அளந்து, பகடை உருட்டிச் சண்டை போடுவார்களாம். அதற்குமுன் ஒவ்வொன்றுக்கும் வர்ணம் தீட்ட வேண்டுமாம்.

"அப்புச்சி, இவங்க கம்பெனி காலத்து மெட்ராஸ் சிப்பாய்ங்க. சட்டை சிவப்பு, தெரியும். தலைக்கும் முகத்துக்கும் என்ன பண்றது?"

விளையாட்டு ஒன்றும் புதிதல்ல. லண்டனில் பிரிட்டன்ஸ் என்ற கம்பெனி 1893 முதல் உள்கூடான ஈயச் சிப்பாய்களை வார்த்து விற்றது. அவை 54 மில்லிமீட்டர், பளபளவென்று பூச்சு. அவற்றை வைத்து விளையாட எச்.ஜி.வெல்ஸ் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற விதிப் புத்தகமே எழுதினார். அந்தக் கம்பெனியின் பட்டியலில் நம்மவரும் உண்டு: முதலாம் மெட்ராஸ் சுதேசிக் காலாட்படை. ஒரே அச்சில் வார்த்து, நிறத்தை மாற்றி, பல ரெஜிமெண்டுகளாக விற்பார்கள். நம் கொலு பொம்மைக்காரர்கள் செய்வதும் அதுதானே!

ஆனால் பேரன் கேட்ட கேள்வி சின்னதல்ல. "எந்த வருஷத்துச் சிப்பாய்?" என்று கேட்டேன். விழித்தான்.

1792-இல் திப்புவிடமிருந்து சேலம் சீமை கம்பெனி கைக்கு வந்தது. 1805-இல் நமக்கு அடுத்த சங்ககிரியில் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் சென்னைப் படைத் தலைவர் கிரடாக் ஓர் ஆணை போட்டார். சிப்பாய்கள் பணியில் இருக்கும்போது நெற்றியில் விபூதியோ நாமமோ கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும். தலைக்குத் தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை. பார்ப்பதற்குத் தொப்பி மாதிரி. தோல் பசுவா பன்றியா என்ற சந்தேகம் இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒருசேர வந்தது. மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்ற பேச்சும் பரவியது. மறுத்தவர்களுக்குச் சவுக்கடி கிடைத்தது.

1806 ஜூலை 10, விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலேயர் மாண்டனர். திப்புவின் புலிக்கொடி ஏறியது. அன்று காலையே ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையைப் பிடித்தார். செத்த சிப்பாய்கள் பல நூறு. திப்புவின் பிள்ளைகள் அங்கே காவலில் இருந்ததும் ஒரு காரணம்தான். என்றாலும் பொறி வைத்தது அந்தத் தலைப்பாகை. பிறகு ஆணை ரத்தாயிற்று. கிரடாக்கும் கவர்னர் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். வேலூரில் எழுந்தவர்களில் முதலாம் மெட்ராஸ் ரெஜிமெண்டின் ஆட்களும் உண்டு. ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டு கழித்து லண்டன் கடையில் பெட்டிக்குள் நின்றதும் அதே பெயர்தான்.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்தில், புதுச்சேரியில் எங்கள் தெருவில் ஒரு 'சொல்தா' இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் தமிழர்களை அங்கே அப்படித்தான் சொல்வோம். அவர் மெடல்களை நாங்கள் எடுத்துப் பார்த்தாலும் சிரிப்பார். தொப்பியைத் தொட்டால் மட்டும் கோபம் வரும். "தலையில வைக்கிறதுடா அது" என்பார். வேலூர்க் கதையைப் படித்தபோதெல்லாம் அவர் முகம்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் பேரன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒற்றைமயிர்த் தூரிகையை வெள்ளையில் தொட்டு, பூதக்கண்ணாடி வழியே பார்த்து, ஒரு சிப்பாயின் நெற்றியில் மூன்று கோடு போட முயன்றான். அந்த அளவில் மூன்றும் சேர்ந்து ஒரே கோடாகத்தான் விழுந்தது.

"அழிச்சிடட்டுமா அப்புச்சி?"

"வேண்டாம் சாமி, இருக்கட்டும்" என்றேன்.